குகைக்குள் போன எஞ்சின்

"எஞ்சின் குகைக்குள்ள போச்சு. வெளியே வரல," என்றார் பல் டாக்டர்.

"உள்ளயே தூங்கிடுச்சோ என்னவோ," என்றேன் நான்.

டாக்டர் என்னைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மனிதர் முன்னால் வாயைத் திறந்தே வைத்திருப்பது உடம்புக்கு நல்லதல்ல.

மேடம் சிரிக்கவில்லை. துப்பறிய வந்த இடத்தில் அவர் சிரிக்கவே மாட்டார். மேடம் ஒரு காலத்தில் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பாத்ரூமுக்குள் ஒளிந்திருப்பவனைக் கதவைத் தட்டாமலே கண்டுபிடித்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. யாரைப் பார்த்தாலும் இந்த ஆளிடம் டிக்கெட் இருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அவருடைய உதவியாளனான எனக்குக் 'கடைசிப் பெட்டி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். எங்கே போனாலும் நான் பின்னால் ஆடி ஆடி வருகிறேனாம்.

எங்களைக் கூப்பிட்டது டாக்டரின் மனைவி. "மத்தியான வண்டிக்கு முன்னாடி எஞ்சினைக் கண்டுபிடிச்சிடுங்க மேடம். இல்லன்னா என் தம்பி பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவான். அப்புறம் இந்த ஊர்ப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான்," என்று காலையில் போனிலேயே அழுதுவிட்டார்.

வந்து பார்த்தால் பெட்டி நிஜமாகவே மாடிப்படி அருகில் நின்றுகொண்டிருந்தது. பூட்டியாகிவிட்டது. மேலே ஒரு குடையும் செருகியாகிவிட்டது.

வீட்டின் கீழ்த்தளம் கிளினிக். மேல்தளம் ரயில். ஹால் முழுக்க இடுப்பு உயரத்துக்கு மேஜை போட்டு, அதன்மேல் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தார்கள். ஸ்டேஷன், கைகாட்டி, பாலம், நகம் அளவுக்குப் பயணிகள், ஓட்டம் முடிந்த எஞ்சின்களைத் தள்ளிவிடப் பழைய இரும்பு யார்டு. மூலையில் ஒரு மலை. பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில் செய்தது. அதனாலோ என்னவோ அந்த மலை பெரிய கடவாய்ப்பல் மாதிரியே இருந்தது. அதில் குகை எது, சொத்தை எது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"நேத்து யார் யார் இருந்தீங்க?" என்று மேடம் ஆரம்பித்தார்.

"நாங்க மூணு பேர்தான். நான் நடுவுல நின்னு வண்டியை ஓட்டிட்டு இருந்தேன். டீச்சர் ஸ்டேஷன் பக்கம். என் மனைவியோட தம்பி," என்று டாக்டர் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலால் காட்டினார், "குகை வாய்க்கிட்ட கேமராவோட உட்கார்ந்திருந்தான். மலைக்குப் பின்னாடி ஒரு மூடி இருக்கு, வண்டி தடம் புரண்டா கையை விட்டு எடுக்கிறதுக்கு. அதுக்குப் பக்கத்துல இருந்த ஒரே ஆள் அவன்தான்."

அந்தத் தம்பியை ஊரே 'போட்டோ மச்சான்' என்றுதான் கூப்பிடும். ரயிலைப் படம் எடுப்பதுதான் அவருக்கு மூச்சு. கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போய், பக்கத்துத் தண்டவாளத்தில் ஏதோ அபூர்வமான எஞ்சின் வந்ததும் மாலை மாற்றும் நேரத்தில் ஓடிப்போனவர்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. நான் எடுக்கல," என்றார் போட்டோ மச்சான்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. வேற யாரும் எடுக்க முடியாது," என்றார் டாக்டர்.

இரண்டு பேரும் முட்டிக்கொள்ளும் தூரத்தில்தான் நின்றிருந்தார்கள். நடுவில் டாக்டரின் மனைவி கழுத்தை இடமும் வலமும் திருப்பியபடி நின்றார்.

"இவங்க பேச்சை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று அவரைக் கேட்டேன்.

"ஒரு வருஷமாச்சு தம்பி. ஒரு வருஷமா இந்த வீட்டுல நான்தான் தபால்காரி. உப்பு வேணும்னாக்கூட என் மூலமாத்தான். நீங்க உட்காருங்க மேடம், நிக்காதீங்க. ஃபேன் போடட்டுமா?"

மேடம் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சாக்பீஸால் ஒரு வருடம் எழுதியிருந்தது. நமக்கெல்லாம் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட வருடம்.

"அது மேஜை மேல இருக்கிற ஊருக்கான வருஷம்," என்று விளக்கினார் டீச்சர். ஓய்வு பெற்ற வரலாற்று டீச்சர். இந்த ரயில் சங்கத்தின் சரித்திரப் பொறுப்பு அவருடையது. ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்தபடியே பேசினார். "அந்தந்த வருஷத்துல நிஜமா ஓடின எஞ்சின் மட்டும்தான் இங்க ஓடலாம். அப்பப்ப நான் ஒரு வருஷம் முன்னாடி நகர்த்துவேன். நேத்துக் காலையிலகூட நகர்த்தினேன். விதி போட்டது டாக்டர்."

"விதின்னா விதி," என்றார் டாக்டர். "அது இல்லன்னா இது பொம்மை ரயிலாப் போயிடும்."

போட்டோ மச்சானின் முகம் கடுத்தது. அவர் பார்வை போன திசையில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பளபளவென்று ஒரு நீல டீசல் எஞ்சின். பூட்டு தொங்கியது. அவர் ராப்பகலாகக் கையால் செய்த எஞ்சினாம். ஓடவிடலாம் என்று ஆசையாகக் கொண்டுவந்த அன்றைக்கு, "இந்த மாடல் இன்னும் பிறக்கவே இல்லை" என்று சொல்லி டாக்டர் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

"காணாமப் போனது எந்த எஞ்சின்?"

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "கறுப்பு நீராவி எஞ்சின். ஓடுறது மின்சாரத்துலதான், ஆனா உருவம் அச்சு அசல். தினமும் பிரஷ் வச்சுத் தேய்ச்சுடுவேன். பளிச்சுன்னு இருக்கும்."

"எந்த பிரஷ்?"

"பல் தேய்க்கிற பிரஷ்தான். வேறென்ன?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "கடைசிப் பெட்டி, குகைக்குள்ள தலையை விடு."

மலைக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்து தலையை விட்டேன். உள்ளே பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைசிப் பெட்டியின் வால் மட்டும் குகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது.

"பெட்டியெல்லாம் பத்திரமா இருக்கு மேடம். முன்னாடி கொக்கி முறியல, வளையல. நிதானமா கழட்டியிருக்காங்க."

"திருடன் பிடுங்குவான். இது பாசமா கழட்டினது," என்றார் மேடம். "ஓடுற வண்டியில இவ்வளவு நிதானம் எப்படி?"

"குகைக்குள்ள வண்டி கொஞ்ச நேரம் நிக்கும் மேடம்," என்றார் டீச்சர். "அசல் பாதையிலயும் அந்தக் குகைக்குள்ள சிக்னலுக்காக நிக்குமாம். டாக்டர் சரித்திரத்தை மீற மாட்டார்."

தலையை வெளியே எடுக்கப் பார்த்தேன். காது மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வெளியே நிஜ ரயிலின் ஹாரன் கேட்டது.

அவ்வளவுதான். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். திருட்டுப் பட்டம் சுமந்தவர், பட்டம் கட்டினவர், கன்னம் வீங்கின டீச்சர், எல்லாரும். அந்த வீட்டில் அது வழக்கம். ஜன்னலுக்கு வெளியே ரயில் போனால் சாப்பாட்டுத் தட்டையும் போட்டுவிட்டு ஓடுவார்களாம். மேடமும் ஓடிவிட்டார் என்பதைக் காலடிச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

"சரக்கு வண்டி!" என்றார் போட்டோ மச்சான் பரவசமாக.

"ரெண்டு எஞ்சின் மாட்டியிருக்கான்னு உன் தம்பிகிட்ட சொல்லு!" என்றார் டாக்டர், அதைவிடப் பரவசமாக.

"என் தலை மலைக்குள்ள மாட்டியிருக்குன்னும் யாராவது சொல்லுங்க!" என்று கத்தினேன். குகைக்குள் எதிரொலி மட்டும் நன்றாக வந்தது.

ரயில் போய் முடிந்த பிறகுதான் எனக்கு விடுதலை கிடைத்தது. டாக்டரே வந்து என் தாடையைப் பிடித்து, "ரிலாக்ஸ், வலிக்காது," என்று சொல்லி இழுத்தார். வலித்தது. தள்ளாடிப்போய்ப் பழைய இரும்பு யார்டின் மேல் கையை ஊன்றினேன். அடுத்த நொடி தும்மல் வந்தது. ஒன்றல்ல, சரம் சரமாக.

"ஏன் தும்முற?" என்று கேட்டார் மேடம்.

"வாசனை மேடம். யார்டுன்னா துருவும் கிரீஸும் நாறணும். இது பியூட்டி பார்லர் மாதிரி மணக்குது."

மேடத்தின் ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியது. பெரிய மீன் மாட்டினால்தான் அது ஏறும். ஆனால் எதுவும் பேசாமல் போட்டோ மச்சானிடம் போனார். "நேத்து எடுத்த படத்தைக் காட்டுங்க."

போட்டோ மச்சான் கேமராவை நீட்டினார். அதுவரை துவண்டிருந்த முகம் மலர்ந்துவிட்டது. "வண்டி வெளிய வரும்னு குகை வாயையே குறி வச்சிருந்தேன் மேடம். வண்டி வரல. ஆனா இதைப் பாருங்க! மலைக்கு மேல புகை! மின்சாரத்துல ஓடுற எஞ்சின் நிஜமாவே நீராவி விட்டிருக்கு! ராத்திரி பூரா இதைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

படத்தில் கடவாய்ப்பல் மலைக்குப் பின்னால் மெல்லிய வெள்ளை ஆவி சுருள் சுருளாக ஏறிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"லென்ஸைத் துடைக்கச் சொல்லு உன் தம்பியை," என்றார் டாக்டர்.

"மேடம், எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்று நான் முன்னால் வந்தேன். தலை மாட்டியதில் மூளைக்கு ரத்தம் பாய்ந்திருந்தது. "இந்த எஞ்சின் சரித்திரம் தெரிஞ்சது யாருக்கு? டீச்சருக்கு! வருஷத்தை நகர்த்தினது யாரு? டீச்சர்! அடுத்த நிமிஷமே எஞ்சின் காணோம். டீச்சர், நேத்து நகர்ந்த வருஷத்துல அந்த எஞ்சினுக்கு என்ன ஆச்சு?"

டீச்சர் கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அந்த வருஷம்தான் அந்த ரக எஞ்சினையெல்லாம் ஓட்டத்துல இருந்து எடுத்து யார்டுக்குத் தள்ளினாங்க," என்றார் மெதுவாக. "விதிப்படி டாக்டர் எஞ்சினுக்கு நேத்தோட ஆயுசு முடிஞ்சது."

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏன் என்கிட்ட சொல்லல?"

"என் கடவாய்ப்பல்லைப் பாதி துளைச்சு வச்சிருக்கீங்க டாக்டர். மீதியைத் துளைக்கிறது நீங்கதானே? அந்த நேரத்துல எப்படிச் சொல்வேன்? இவங்ககிட்ட மட்டும்தான் சொல்லிப் புலம்பினேன்." டீச்சரின் கை டாக்டரின் மனைவியைக் காட்டியது. "ஆனா சத்தியமா நான் எடுக்கல."

"அவங்க எடுக்கல," என்றார் மேடம். "கடைசிப் பெட்டி, நீ தண்டவாளம் மாறிட்ட. திரும்பி வா."

நான் திரும்பி வந்தேன்.

"டாக்டர், நேத்து மூணு பேர்தான் இருந்தீங்கன்னு சொன்னீங்க. டீ குடிச்சீங்களா?"

"குடிச்சோமே. வண்டி குகைக்குள்ள போறப்ப வந்துச்சு."

"தானாவா வந்துச்சு?"

டாக்டர் வாயைத் திறந்தார். எத்தனையோ பேரை வாய் பிளக்க வைத்தவர், அன்றைக்குத்தான் தானே பிளந்து நின்றார்.

"மின்சார எஞ்சின் எந்த ஊர்லயும் ஆவி விடாது. டீ விடும்," என்றார் மேடம். "நேத்து யாரோ சூடான டீத் தட்டை மலைக்குப் பின்னாடி வச்சுட்டு, ரெண்டு கையாலயும் நிதானமா வேலை பார்த்திருக்காங்க. டீயோட வேற என்ன வந்துச்சு?"

"பிஸ்கட் டப்பா," என்றார் போட்டோ மச்சான். "ஆனா மேடம், மாமா பல் டாக்டர். இந்த வீட்டுல பிஸ்கட்டே கிடையாது."

"இதை நேத்தே யோசிச்சிருக்க வேண்டாமா? பிஸ்கட்டே இல்லாத வீட்டுல பிஸ்கட் டப்பாவுக்கு என்ன வேலை? எல்லார் பையையும் சோதனை போட்டீங்களாம். அந்த டப்பாவை மட்டும் யாரும் திறக்கல. பல்லுக்குக் கெடுதின்னு பயம்."

மேடம் பழைய இரும்பு யார்டுக்குப் போய், துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்த ஒரு எஞ்சினை எடுத்தார். கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தார். துருவெல்லாம் கைக்குட்டைக்கு வந்தது. அடியில் பளிச்சென்று கறுப்பு.

"முகப் பவுடர்," என்றார். "பழுப்பு நிறம். நல்ல பிராண்ட்."

டாக்டர் எஞ்சினை வாங்கிய வேகத்தைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையிலிருந்து குழந்தையை வாங்குகிறவர் மாதிரி இருந்தது. தன் எஞ்சினை ஆணி ஆணியாக அறிந்தவர், கொஞ்சம் அழுக்குப் பட்டதும் அடையாளம் தெரியாமல் காலையிலிருந்து அதைக் கடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் டிக்கெட் பார்த்த காலத்துல ஒண்ணு கவனிச்சிருக்கேன்," என்றார் மேடம். "டிக்கெட் வச்சிருக்கிறவன் என்னைப் பார்த்து முகம் சுளிப்பான். இல்லாதவன்தான் எழுந்து நின்னு, உட்காருங்க மேடம், ஃபேன் போடட்டுமான்னு கேட்பான்."

ஹாலில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. எங்களைக் கூப்பிட்டவரே, எங்களுக்காக இன்னொரு நாற்காலியைத் தூக்கியபடி அங்கே நின்றிருந்தார்.

டாக்டரின் மனைவி நாற்காலியைக் கீழே வைத்தார். வைத்த சத்தத்தில் மேஜை மேல் இருந்த பயணிகள் சிலர் விழுந்துவிட்டார்கள்.

"நான்தான் எடுத்தேன். இப்ப என்ன?" என்றார். "இவன் செஞ்ச எஞ்சினை இன்னும் பிறக்கலைன்னு பூட்டினாரே, அதே விதியில இவரோட எஞ்சின் செத்துப்போச்சு. யார்டுல அதைப் பார்த்தா இவனோட வலி இவருக்கும் புரியும்னு நினைச்சேன். அதை அழுக்காக்கி அங்க வைக்கிறதுக்குள்ளயே இவர் இவனைத் திருடன்னுட்டார். காலையில கொண்டு வந்து கண்ணு முன்னாடி வச்சேன். இவரு கண்ணு அங்க போகவே இல்ல. இவன் அதுக்குள்ள பெட்டி கட்டிட்டான்."

"அதுக்கு எங்களை ஏன்க்கா கூப்பிட்டீங்க?" என்றேன். "நீங்களே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா என்னைத் திட்டிட்டு விட்டுடுவார். விதியைப் பத்திப் பேச்சே வராது. வெளி ஆள் சொன்னாத்தான் இவருக்குக் காது கேட்கும். நாலு பேர் இருந்த இடத்துல மூணு பேர்னு சொன்னாரே, கேட்டீங்கல்ல?" விழுந்த பயணிகளை நிமிர்த்தி வைத்தபடியே சொன்னார். "நான் டீ கொண்டு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. நான் வந்தது யாருக்கும் ஞாபகம் இல்ல."

எனக்குக்கூட ஜோக் எதுவும் வரவில்லை. அந்த அம்மாளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

போட்டோ மச்சான்தான் அசைந்தார். "பரவாயில்லக்கா. எஞ்சின் கிடைச்சிடுச்சுல்ல. நான் கிளம்புறேன். திருடன்னு சொன்ன வீட்டுல எப்படி இருக்கிறது?" என்று மாடிப்படிக்குப் போய்ப் பெட்டியின் பிடியைப் பிடித்தார்.

டாக்டர் கையிலிருந்த எஞ்சினைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். இந்த எஞ்சின் ஓட வேண்டுமானால் விதி போக வேண்டும். விதி போனால் அந்த எஞ்சினும் ஓடும். இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு பல் பிடுங்குகிற நேரம் ஆனது. வலியும் அதே அளவு இருந்திருக்க வேண்டும்.

பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். நீல டீசலை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். அதன் பின்னால் பவுடர் பூசிய கறுப்பு எஞ்சினை வைத்தார். கொக்கியை மாட்ட முயன்றார். பல்லின் வேரையே தேடிப் பிடிக்கிற கை, அன்று கொக்கியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தது. கொக்கி மாட்டவில்லை.

"உன் தம்பிகிட்ட..." என்று மனைவியைப் பார்த்து ஆரம்பித்தார்.

டாக்டரின் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "தபாலாபீஸை மூடியாச்சு."

டாக்டர் போட்டோ மச்சான் பக்கம் திரும்பினார். ஒரு வருடம் பேசாத பேச்சு, சிக்கிக்கொண்டுதான் வந்தது. "மச்சான். இந்தக் கொக்கி... எனக்கு மாட்ட வரல. கொஞ்சம் வாயேன். நேத்து நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு."

போட்டோ மச்சான் பெட்டியின் பிடியை விடாமல் நின்றார். நிஜமாகவே போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் கண் டாக்டரைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தின் மேல் நின்ற தன் நீல டீசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொக்கியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க மாமா," என்றார். பெட்டியை விட்டுவிட்டு டாக்டர் பக்கத்தில் போய்க் குனிந்து கொக்கியை மாட்டினார்.

டீச்சர் கன்னத்திலிருந்து கையை எடுத்து, கரும்பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

குகைக்குள் நின்ற பெட்டிகளை இருவருமாக ஸ்டேஷன் பக்கம் இழுத்து வந்து பின்னால் மாட்டினார்கள். வண்டி கிளம்பியது. இன்னும் பிறக்காததும் எப்போதோ செத்ததும் சேர்ந்து இழுக்க, ஸ்டேஷனைத் தாண்டிப் பாலத்தைத் தாண்டிக் கடவாய்ப்பல் மலையை நோக்கிப் போனது. குகைக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டியின் வாலும் மறைந்தது.

அதே நேரம் வெளியே ஹாரன் கேட்டது. நீளமான ஹாரன். மத்தியான வண்டி.

நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன், ஓடுகிற கூட்டம் என்னைத் தள்ளிவிடக் கூடாதே என்று. ஒருவர்கூட ஓடவில்லை. டாக்டரும் மச்சானும் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து குகை வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் மனைவி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பவுடர் வாசனை என்று பொய் சொன்னார்.

நான் மட்டும் ஜன்னலுக்குப் போனேன். மத்தியான வண்டி, ஏற வேண்டிய ஒரு ஆள் ஏறாமலே, வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டிக்குக் கை காட்டிவிட்டுத் திரும்பினேன்.